யார் சொன்ன பதில்

வாணியம்பாடியில் ஜான் பாஷா சாயபு தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தார். வாக்குக் கொடுத்தால் மாறாத மனிதர் என்று ஊரில் பேர். 1931-ல் தன் மகள் ஷஹீன் பானுவுக்கே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். வேலூரிலிருந்து வரும் இங்கிலீஷ் புரொபசர் இந்தப் பெண் தேறும் என்று சொல்லிவிட்டால், அவள் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக் எழுதலாம். சொல்லாவிட்டால் ரம்ஜான் கழிந்ததும் பேரணாம்பட்டு மாப்பிள்ளையோடு நிக்காஹ். மாப்பிள்ளை நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் புத்தகம் பிடித்த பெண் ஒருத்தியும் கிடையாது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், பெண்ணின் குரல் அந்நிய ஆண் காதில் விழக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சரி, எழுதிக் காட்டட்டும் என்றால் புரொபசர் சுப்பராயன் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாமே, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். அவ்வளவு உஷார்! கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூடத்தில் திரை கட்டுவது, பெண் உள்ளேயிருந்து மெல்லச் சொல்வது, அவள் அண்ணன் ஆபித் பாஷா திரையோரம் நின்று அதை உரக்கச் சொல்வது. எழுத்தை நம்பாத மனிதர் இதை எப்படி நம்பினாரோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஆபித் பாஷா தங்கமான பையன். படிப்புதான் ஏறவில்லை. ஷாப் பக்கம் அனுப்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவான். ஆனால் காதில் விழுந்ததை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தங்கைக்காக வாயை இரவல் கொடுக்கச் சந்தோஷமாகத்தான் வந்து நின்றான்.

முதலில் சில்லறைக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு புரொபசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரீடிங், ரைட்டிங் என்று எதற்கெடுத்தாலும் ஒரு 'இங்' வந்து ஒட்டிக்கொள்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

ஷஹீன் பானுவுக்கு உள்ளுக்குள் குபீரென்று சந்தோஷம் பொங்கியது. மூர் மார்க்கெட்டில் அப்பா வாங்கி வந்த, அட்டை கிழிந்த அகராதியின் முன்னுரையில் அவள் மாய்ந்து மாய்ந்து படித்த இடம் அது. பழைய இங்கிலீஷில் அவை இரண்டு தனித்தனி ஒட்டுகள் என்று சொன்னாள். ஒன்று செயலுக்குப் பேர் வைத்தது. மற்றொன்று அதைச் செய்துகொண்டிருப்பவரைக் காட்டியது, அதற்கு 'எண்டே' என்று வேறு ஓசை இருந்தது. ஜனங்கள் வாயில் புழங்கிப் புழங்கி அந்த ஓசை தேய்ந்துபோய், இரண்டுமே 'இங்' ஆகிவிட்டன. செய்கிறவரும் செயலும் ஒரே வால் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். அதனால் அகராதியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் ஒரே ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறினால் ஒரே நிறமாகத்தான் வெளியே வரும், விரலால் தடவிப் பார்ப்பவருக்குத்தான் எது எதுவென்று தெரியும். சின்ன வயதில், திரைக்குள் போவதற்கு முன்னால், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் அவள் தடவிப் பார்த்த தோல்கள்.

ஆபித் பாஷா அத்தனையும் கணீரென்று சொல்லி முடித்தான். புரொபசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயபு, உள்ளேர்ந்து பொண்ணு இன்னா சொல்லுச்சோ எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தோல் உதாரணம் இருக்கே, அது ஷாப்புல பொழங்கற ஆளுக்குத்தான் தோணும். உங்க மகனை மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வைங்க."

ஜான் பாஷாவின் முகம் மலர்ந்தது, உடனே குழம்பியது. அண்ணன் மறுக்கப் போகிறான் என்று ஷஹீன் பானு காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பாவம், பிறந்ததிலிருந்து அவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. திரைக்குள்ளிருந்து கை நீட்டி அவன் சட்டையை இழுத்தாள். அவன் திரும்பவில்லை. அவளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இப்போது விட்டால் பேரணாம்பட்டுதான்.

"அது நான் சொன்னது சார்," என்று திரைக்குள்ளிருந்து அவளே உரக்கச் சொன்னாள்.

புரொபசர் எழுந்து நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஜான் பாஷாவைப் பார்க்காமலே அடுத்த கேள்வியைத் திரையிடம் கேட்டார். உள்ளே அவள் மெல்லப் பதிலைத் தொடங்கினாள். ஆபித் பாஷா தலையைக் குனிந்தபடி அதை உரக்கச் சொல்ல வாயெடுத்தான்.

"நீ சும்மா இருடா," என்றார் ஜான் பாஷா. "அவளே சொல்லட்டும்."