புகாரே வராத குடோன்

யோகலட்சுமி அந்தப் பட்டாசுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பேற்றபோது அங்கே ஒரே ஒரு சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால். கணக்குப் பிரிவில் ஒருத்தர் புது மவுஸ் கேட்டுச் சத்தம் போட்டால் முதல் வேலை அவருக்கு நடக்கும். வெம்பக்கோட்டை ரோட்டுக் குடோனில் சரக்கு கிளம்பத் தேவையான இ-வே பில் வராமல், லோடு ஏற்றிய லாரி வெயிலில் காயும்.

அதை அவள் ஒழித்துக்கட்டினாள். இனி எந்தக் கோளாறும் டிக்கெட்டாக வரவேண்டும். திரையில் நாலு வரி தட்டினால் அதற்கொரு எண் விழும். லாரியை நிறுத்துகிற கோளாறு முதலில், மவுஸ் பிறகு. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதன் வேரைத் தேடிப் பிடுங்குவது தனி வேலை. மதுரையில் பெரிய கம்பெனியில் இதையே செய்து பழகியவள் அவள். தன் ஏற்பாட்டில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் குடோனிலிருந்து மட்டும் ஒரு டிக்கெட்டும் வரவில்லை. சீசன் சூடு பிடித்த நேரத்தில் முதலாளி நல்லசிவம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒன் மெஷினைப் பாத்தேன். குடோன்ல ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லுதே. நல்லாப் பண்ணிட்டே. பெறகு எதுக்கு ஒங்க பிரிவுல ரெண்டு பேரு? தீவாளியோட அந்த சுகிர்தாப் பிள்ளைய நிப்பாட்டிருவோம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யோகலட்சுமிக்கு இருந்த ஒரே உதவியாள் சுகிர்தா. ஆபீசுக்கும் குடோனுக்குமாக ஸ்கூட்டியில் அலைந்தே கறுத்துப்போனவள். தாயில்பட்டியில் அவள் வீட்டில், மருந்து அடைக்கும் பட்டாசு ரூமில் உட்காராமல் வேறு வேலைக்கு வந்த முதல் ஆள். இது போனால் அவளுக்கும் அந்த ரூம்தான்.

"ரெண்டு நாள் பொறுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு யோகலட்சுமி நேரே குடோனுக்குப் போனாள்.

"வாங்க தாயி, டீ குடிக்கிறீகளா?" என்றார் குடோன் சூப்பர்வைசர் பாண்டிமுருகன்.

"டீ கெடக்கட்டும்ணே. எதுக்கு ஒரு டிக்கெட்டும் போடல?"

"எப்படித் தாயி போடுவோம்? அந்தப் பிள்ளை கூப்பிட்ட கொரலுக்கு ஓடியாருது. அது மேல எழுதிக் குடுக்கச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?"

"அவ மேல யாருண்ணே எழுதச் சொன்னா?"

"எழுத்துன்னு ஒண்ணு மேல போயிட்டா சும்மா கெடக்காது தாயி. முன்ன நான் இருந்த கம்பெனியில எவனோ ஒரு வரி எழுதிப் போட்டான். ஆபீசருக வந்து பூட்டிட்டுப் போயிட்டாக. ஒரு சீசனே போச்சு. அதான் இங்கன எல்லாரும் பேசி வச்சிருக்கோம். என்ன கோளாறுன்னாலும் போன்ல சொல்லிக்கிருவோம். சுகிர்தா பேருல ஒரு எழுத்து போகாது."

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது; கூடவே தன் மேலேயே கோபமும் வந்தது. டிக்கெட் எப்படிப் போடுவது என்று கம்பெனிக்கே வகுப்பெடுத்தவள், போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பதென்றாலே எவன் பிழைப்பிலோ மண் விழும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஜனங்கள். பாசத்தில் வாயை மூடிக்கொண்டு, காப்பாற்ற நினைத்த பிள்ளைக்கே குழி வெட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்க யாரும் எழுதாததாலதான் சுகிர்தாவுக்கு வேலையே இல்லைன்னு மொதலாளி நெனைக்காரு. தீவாளியோட நிப்பாட்டப் போறாரு. ஒரு டிக்கெட்டுன்னா அவ ஒரு வேலை செஞ்சான்னுதான் அர்த்தம். அவ மேல புகார் இல்ல."

பாண்டிமுருகனின் முகம் தொங்கிப்போனது. பிறகு குடோன் அதிரக் கத்தினார். "ஏலே, அம்புட்டுப் பேரும் இங்கன வாங்கலே!"

மறுநாள் டிக்கெட்டுகள் கொட்டின. 'பில் மிசின் நின்றுவிட்டது, சுகிர்தா சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரவும்' என்றுகூட ஒன்று இருந்தது. படித்துக்கொண்டே வந்த யோகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதிக்கு மேல் ஒரே கோளாறு. கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் நெட் அறுந்திருக்கிறது. ஆளுக்கொரு நேரம் போனில் சொன்னவரை இது யார் கண்ணிலும் படவில்லை. நெட் பெட்டிக்குத் தனியாக ஒரு யூ.பி.எஸ். மாட்டிவரச் சுகிர்தாவை அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி அறையில் பிரிண்டர் மக்கர் செய்தது. போன் வந்தது. "சுகிர்தாவ அனுப்பும்மா."

"அவ குடோன்ல இருக்கா மொதலாளி. அங்கன லாரி நிக்குது. நீங்க டிக்கெட் போடுங்க, வரிசையில வந்துரும்."

அவரிடம் அப்படிச் சொன்னவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. பட்டென்று போனை வைத்தார். யோகலட்சுமி அசையவில்லை. வரிசை என்றால் எல்லோருக்கும்தான் வரிசை.

கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்தார். "டிக்கெட் போட்டேன். எனக்கு முன்னால எம்புட்டு நிக்குது! இத்தனையும் அந்த ஒத்தப் பிள்ளையா பாக்குது?"

"ஆமா மொதலாளி. பாதி இன்னைக்கு வேரோட போயிரும். மிச்சம் தெனமும் வரும்."

அவர் திரையில் இருந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை விரல்வைத்து எண்ணினார். "சரி, தீவாளிக்குப் பெறகும் அவ இருக்கட்டும்."

யோகலட்சுமி எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

"அதையும் எழுத்துல போட்டிருங்க மொதலாளி."

நல்லசிவம் அவளை முறைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் சுகிர்தாவின் பெயரைத் தட்டத் தொடங்கினார்.