லண்டனில் ஒன்பது மணி

தபாற்கந்தோர் மணிக்கூட்டில் ஒன்று இருபது.

சரவணமுத்து வாங்கில் உட்காரவில்லை. தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே மேசையில் கறுப்பு டெலிபோன் இருந்தது. விடியவே மீசையை வழித்திருந்தான். மேலுதட்டில் கத்தி பட்ட இடம் காய்ந்திருந்தது.

"இரும்," என்றார் போஸ்ட்மாஸ்டர் அருளப்பு. "பத்து நிமிசம் கிடக்கு."

"இருக்க ஏலாமல் கிடக்கு மாஸ்டர்."

தந்தி அன்று காலை வந்தது. லண்டனில் இருக்கும் மூத்தவன் தம்பிராசா அனுப்பியிருந்தான். பொறுங்கள், செவ்வாய் இங்கே காலை ஒன்பதுக்கு போன் எடுக்கிறேன். அவ்வளவுதான்.

லண்டனில் ஒன்பது என்றால் வேலணையில் ஒன்றரை. ஆனி மாதம் தம்பிராசா முதன்முதலாகப் போன் எடுத்தபோது தன் மணிக்கூட்டைப் பார்த்து ஒன்பது என்றான். வேலணையில் அப்போது ஒன்றரை. தகப்பன் வல்லிபுரம் அதைப் பல நாள் ஒழுங்கையெங்கும் சொல்லித் திரிந்தார். எங்களுக்குச் சோறு செமிச்சிட்டுது, அவன் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை என்பார். சிரிப்பார்.

வல்லிபுரம் நேற்று விடியப்புறம் இறந்துபோனார்.

தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும். மூத்தவன் இல்லாதபோது இளையவன். அதில் யாரும் பிரச்சினைப்படுவதில்லை. ஆனால் சரவணமுத்து அல்லைப்பிட்டியில் ஜசிந்தாவைக் கலியாணம் முடித்தவன். முடிப்பதற்காக வேதக்கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவன். அங்கே அவன் பெயர் கிறிஸ்தோப்பர். அதற்குப் பிறகு தகப்பன் அவனோடு பேசவில்லை. போன மாதம் அவரை யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் விட்டபோது கேட்காமலே போய்க் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தான். அவர் போ என்று சொல்லவில்லை. ஜசிந்தா அனுப்பிய கஞ்சியைக் குடித்தார்.

தகப்பனின் தம்பி நாகமுத்து செத்தவீட்டு முற்றத்தில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: வேதக்காரன் கொள்ளி வைக்க ஏலாது. என்ரை மகன் வைப்பான். அவனும் அண்ணைக்குப் பிள்ளைதான்.

பாதிப்பேர் அதுதான் சரி என்றார்கள். பாதிப்பேர் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தந்தி வந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். உரிமை தம்பிராசாவுடையது. யாருக்குக் கொடுப்பது என்று அவன் சொல்லட்டும்.

ஒன்றரைக்குச் சரியாக நாகமுத்து குடையோடு வந்தார்.

"என்ரை காதாலை கேக்கவேணும்," என்றார் அருளப்புவிடம். பிறகு சரவணமுத்துவைப் பார்த்தார். "மீசையும் எடுத்தாச்சோ? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை குஞ்சியப்பு."

"எந்தப் பேருக்கு வழிச்சனி? சரவணமுத்துவுக்கோ, கிறிஸ்தோப்பருக்கோ?"

அருளப்பு முத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினார். அவரும் வேதக்காரர்தான்.

டெலிபோன் அடிக்கவில்லை.

வெளியே வானம் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கத்துப் பனைகள் கறுத்துத் தெரிந்தன. செத்தவீட்டுப் பறை விட்டு விட்டுக் கேட்டது.

ஒன்றே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. சரவணமுத்துவின் கை பலகையைத் தாண்டிப் போனது. அருளப்பு எடுத்தார்.

"ஓம்... ஓம்... இல்லை, அவர் இப்ப ஊர்காவற்றுறையிலை."

வேறு யாரோ, வேறு யாரையோ தேடினார்கள். அருளப்பு போனை வைக்காமல் யாழ்ப்பாணத்து எக்ஸ்சேஞ்சைக் கேட்டார். காத்திருந்தார். பிறகு வைத்தார்.

"கொழும்பு லைன் நல்லாய்த்தான் இருக்காம். லண்டனிலையிருந்து வேலணைக்கு ஒண்டும் இல்லையாம்."

"ஒண்டும் இல்லையோ?" என்றார் நாகமுத்து.

"இதுவரைக்கும் இல்லை."

"வெள்ளைக்காரன்ரை ஊர். ஒன்பது எண்டா ஒன்பதுதான். சுணக்கம் எங்கடை ஆக்களுக்குத்தான்." நாகமுத்து குடையை எடுத்தார். "அவன் எடுக்கேல்லை. தம்பியிட்டை வாயாலை சொல்ல அவனுக்கு மனம் வரேல்லை. அதுதான் மறுமொழி."

"அண்ணை எடுக்கிறனெண்டா எடுப்பார். இன்னும் கொஞ்சம் பாப்பம்."

"மூண்டிலையிருந்து ராகுகாலம். அதுக்கு முன்னம் நெருப்பு வைக்கவேணும்."

"நாலரைக்குப் பிறகு அப்புவை எடுப்பமே?"

"மேகத்தைப் பாத்தனியோ? நனைஞ்ச விறகிலை அண்ணையைப் பாதியிலை விட்டிட்டு வரச் சொல்லுறியோ? நேற்றுத் துவக்கம் கிடக்கிற பிரேதம். கிட்ட நிண்டு பார், தெரியும்."

சரவணமுத்து மறுபடி டெலிபோனைப் பார்த்தான். அவன் இரவு முழுவதும் கிட்டத்தான் நின்றான்.

நாகமுத்து படியில் இறங்கினார். திரும்பி, முன்னைவிடத் தணிந்த குரலில் சொன்னார்: "வாய்க்கரிசி போட்டனி. அது காணும். பின்னாலை வா."

அவர் போன பிறகு அருளப்பு கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நீர் போம். அடிச்சால் நான் ஆளை விட்டுச் சொல்லுவிக்கிறன்."

"ஆரை விடுவியள்? ஊர் முழுக்கச் சுடலையிலை நிக்கும்."

"அப்ப தேப்பனுக்குப் பின்னாலை போகேல்லையோ?"

"வந்தால் ஓடிப்போய்ச் சொல்ல ஏலும். நெருப்பு வைக்கிற வரைக்கும் நேரம் கிடக்கு."

பாடை தபாற்கந்தோரைக் கடந்துதான் போகவேண்டும். இரண்டு மணி தாண்டி வந்தது. அருளப்பு கதவில் பாதியைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். சரவணமுத்து படிக்கு வந்தான். முன்னால் பறை. அதற்குப் பின்னால் நாகமுத்துவின் மகன், மொட்டைத் தலை, ஈர வேட்டி, கையில் நெருப்புச் சட்டி. இருபது வயது. சட்டியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். படிக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணை, அடிச்சதோ?"

சரவணமுத்து இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நான் என்ன செய்ய அண்ணை?"

"நட," என்றார் நாகமுத்து பின்னாலிருந்து. அவன் நடந்தான்.

பாடையில் மாலைகள் நிறைய இருந்தன. முகம் தெரியவில்லை. தோள் கொடுத்தவர்களில் சிலர் சரவணமுத்துவைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு கிழவர் செருப்பைக் கையில் பிடித்தபடி போனார். தெருவில் பொரி கிடந்தது. ஒரு கோழி வந்து கொத்தியது.

சரவணமுத்து உள்ளே வந்து முதன்முறையாக வாங்கில் இருந்தான். பறைச் சத்தம் தூரப் போய், ஓரிடத்தில் நின்று, வேறு விதமாக அடித்தது. சுடலையை அடைந்துவிட்டார்கள். இனிக் குடத்தோடு மூன்று சுற்று. சுற்றுக்கொரு கொத்து. அவனுக்கு எல்லாம் தெரியும். சின்ன வயதில் அப்பப்பாவுக்குத் தகப்பன் செய்ததைப் பார்த்திருக்கிறான். பெரியவர்கள் பார்க்கவேண்டாம் என்றும் கேட்காமல் பார்த்தான்.

பறை ஓய்ந்தது.

அருளப்பு யன்னலருகே போனார். அங்கேயே நின்றார். சரவணமுத்து எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்தான். பனைகளுக்கு மேலே புகை. காற்று இல்லாததால் நேராக எழுந்தது.

"பற்றியிட்டுது," என்றார் அருளப்பு.

டெலிபோன் அடித்தது. மூன்றுக்குப் பத்து.

"ஓம், வேலணை... ஓம். நிக்கிறார்."

அருளப்பு றிசீவரைப் பலகைக்கு மேலால் நீட்டினார்.

"ஆர், சின்னவனே?"

"ஓம் அண்ணை."

"அழாதை. நான் இஞ்சை அழுது முடிச்சிட்டன். ஒன்பதுக்கே கேட்டனான், கொழும்பு வரைக்கும் வந்து நிண்டிட்டுது. இப்பதான் தந்தவங்கள்."

"இப்ப அங்கை என்ன நேரம்?"

"ஒன்பதும் இருபதும். ஏன்?"

"எங்களுக்கு மூண்டாகப் போகுது."

"ஓம், அப்பிடித்தான் வரும்."

"ஒன்பதெண்டா ஒண்டரையெல்லே அண்ணை. அப்பு சொல்லித் திரிஞ்சவர்."

"அது கோடையிலை. இஞ்சை சனி இரவு மணிக்கூடு எல்லாத்தையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைச்சவங்கள். வருசா வருசம் குளிர் வர உப்பிடித்தான் செய்யிறவங்கள். இனிப் பங்குனி வரைக்கும் எங்கடை ஒன்பது உங்களுக்கு ரண்டரை." தம்பிராசா மூச்சு விட்டான். "ஒண்டரையிலையிருந்தே காவல் இருந்தியளோ? பாவம் குஞ்சியப்பு, பத்திரகாளியாய் நிண்டிருப்பார்."

சரவணமுத்து யன்னலைப் பார்க்காமல் நின்றான். அருளப்பு தரையைப் பார்த்தார்.

"இஞ்சை கேள், காசு ஓடுது. என்ரை இடத்திலை நீதான் கொள்ளி வைக்கிறாய். வேதமோ சைவமோ, அப்புவோடை ஆசுபத்திரியிலை கிடந்தவன் நீ. அதை நான் குஞ்சியப்புவுக்குச் சொல்லுறன், நீ சொன்னால் நம்பார். ராகுகாலம் துவங்கினால் பரவாயில்லை, நாலரைக்குப் பிறகு எடுங்கோ. அவரைக் கூப்பிடு. கிட்டத்தானே நிக்கிறார்? சின்னவன், அவரைக் கூப்பிடன்ரா!"