மைக்கில் சொன்ன எடை

மைக் செட் பாபநாசத்தின் மேல் குற்றமில்லை என்றும் சொல்லலாம். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தால் அவர் வாய்க்கு மொய் கூவித்தான் பழக்கம். டாக்டர்கள் சங்கம் மேலப்பாளையத்து மண்டபம் ஒன்றில் உடல் எடை முகாம் போட்ட அன்று, ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத்தான் அவரை வைத்திருந்தார்கள். மெஷினைப் பார்த்து நர்ஸ் மெல்லச் சொன்ன எண்ணை, பழக்கதோஷத்தில் அவர் முழங்கிவிட்டார்.

"மேலப்பாளையம் ஷரீபா பீவி அவர்கள்... தொண்ணூத்தாறு!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "மோதிரம் தனியா அண்ணாச்சி?" என்று ஒரு குரல் வேறு. ஷரீபா பீவி செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறினாள்.

அவள் அங்கே போனதே ஓர் ஆசைக்காகத்தான். பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தே உடம்பு கனத்து, முட்டு மடங்காமல் போயிற்று. தொழுகையும் நாற்காலியில்தான். சஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

மத்தியானம் தட்டோடு கண் அயர்ந்தபோது ஒரு கனவு. தாமிரபரணி நெடுக எடை மெஷின்கள் படகுகளாக மிதக்கின்றன. ஒவ்வொன்றாகத் தாவித் தாவி அவள் போகிறாள். அக்கரையில் அவளுடைய தொழுகை விரிப்பு விரித்துக் கிடக்கிறது. காலை எடுத்து வைக்கப்போகிறாள், வானத்திலிருந்து வருகிறது குரல்: "தொண்ணூத்தாறு!"

"மாமி, எந்திரிங்க. சங்கத்து டாக்டரம்மா வந்திருக்காவ," என்று மருமகள் தஸ்மியா தோளைத் தொட்டாள். "கூட மைக்கும் வந்திருக்கு."

வாசலில் டாக்டர் சுப்ரஜா. அவளுக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி பாபநாசம். "மன்னிச்சிரு தாயி. வாய் தவறிப் போச்சு."

"இப்ப மட்டும் பைய பேசுதியளே அண்ணாச்சி? அங்கன பேசினது கொக்கிரகுளம் வரைக்கும் கேட்டிருக்கும்!"

"தப்பு எங்க சங்கத்து மேலதான்க்கா," என்றாள் சுப்ரஜா. "நாலு பேரு முன்னால எடை பாத்திருக்கக் கூடாது. இனிமே திரைக்குப் பின்னாலதான். அதுவும் கேக்கவங்களுக்கு மட்டும். தலைவர்கிட்டச் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'எடையே பாக்கலன்னா முகாம் பலிச்சுதான்னு எப்படித் தெரியும்'னாரு. 'வந்தவங்க மறுபடி வந்தாத் தெரியும் சார்'னேன். நீங்க சொல்லுங்க, எத்தன கிலோ குறையணும்?"

"கிலோவ வச்சு நான் என்ன செய்யப்போறேன்? என் நெத்தி தரையில படணும் டாக்டரம்மா."

சுப்ரஜா அவள் முட்டைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். "சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணலாம். சோத்தயும் கொஞ்சம் குறைக்கணும்."

"புளியாணத்தையும் விடணுமோ?"

"ரசம் இருக்கட்டும்க்கா. ரெண்டாந்தடவ போடுத சோறுதான் வேண்டாம். சாயங்காலம் கருப்பந்துறை ஆத்தங்கரைக்கு நடப்போம், பொம்பளைங்க மட்டும். சங்கத்து லேடி டாக்டருங்க முறை வச்சுக் கூட வருவோம்."

"ஊரு என்ன சொல்லும்?"

"டாக்டர்மாரோட நடக்கவள ஊரு என்ன சொல்லும் மாமி?" என்றாள் தஸ்மியா. "நானும் வாரேன்."

"வேணும்னா முன்னால நான் மைக்ல..." என்று பாபநாசம் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி!" என்றார்கள் மூன்று பேரும்.

முதல் நாள் தெருமுனையோடு சரி. அப்புறம் வாய்க்கால் பாலம். மழைக்காலம் கழிந்து ஆறு தெளிந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. அன்று மண்டபத்தில் சிரித்த பெண்களும் அதில் உண்டு. ஷரீபா பீவி இடுப்பளவு நீரில் நின்று, சுப்ரஜாவின் கையைப் பிடித்து முட்டை மடக்குவாள். கொக்குகள் அக்கரைக்குத் திரும்பும் நேரம். மருத மரத்து நிழல் அவளைச் சுற்றிக் கரையும். உடம்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

"தண்ணிக்குள்ள நான் எத்தன கிலோ டாக்டரம்மா?"

"தண்ணிக்கு மைக் கிடையாதுக்கா."

பங்குனியில் ஒரு நாள் பேச்சில் நேரம் போய்விட்டது. அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு ஆற்றின்மேல் மிதந்து வந்தது. தஸ்மியா பையிலிருந்து விரிப்பை எடுத்து மணலில் விரித்தாள். "அந்தக் கல்லுல உக்காந்து தொழுவுங்க மாமி."

மாமி கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றாள். குனிந்தாள். கையை ஊன்றிப் பைய ஒரு முட்டு. பிறகு மறு முட்டு. சுப்ரஜா சற்றுத் தள்ளி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தூரத்து மண்டபத்தில் பாபநாசம் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ மொய் கூவிக்கொண்டிருந்தார். ஓர் எண்கூட ஷரீபா பீவியின் காதில் விழவில்லை. விரிப்புக்கு அடியில் பகல் வெயிலின் சூடு மணலில் இன்னும் இருந்தது. நெற்றியில் அது பட்டது.

தொழுது முடித்தும் அவள் எழவில்லை.

"எந்திரிக்க முடியலையா மாமி? கை குடுக்கட்டுமா?"

"சும்மா இருட்டி," என்றாள் ஷரீபா பீவி, மணலைத் தடவியபடி. "இங்கன வந்து சேரவே இம்புட்டு நாளாச்சு. எந்திரிக்கதுக்கு என்ன அவசரம்?"