விரலால் முறுக்கிய நட்டு

எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைப்பானேன்? பன்னிரண்டு வருடமாக என் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்ட செபோ, இந்த வருடம் சுருபி மீன் போட்டிக்குப் பல் டாக்டர் உர்கியோலாவின் புதுப் படகில் போகிறான் என்றால் எரியாமல் குளிருமா?

பரானா ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரில், ஒருவனிடம் உன் பெண்டாட்டி யார் என்று கேட்பதற்கு முன்னால் உன் படகுக் கூட்டாளி யார் என்றுதான் கேட்பார்கள். ஒரு படகுக்கு மூன்று பேர். மூன்றாவது ஆள் வருவான், போவான். நானும் செபோவும் மாறியதே இல்லை. பட்டறையிலும் அப்படித்தான். நான் கார் எலக்ட்ரீஷியன். செபோ பள்ளிக்கூடத்துக் காவலாளி. பள்ளி விட்டதும் நேராக என் பட்டறைக்கு வந்துவிடுவான். வேலை ஒரு மண்ணும் தெரியாது. நான் வண்டிக்கு அடியில் படுத்தால் டார்ச் பிடிப்பான், ஊர்க்கதை பேசுவான், குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீரை ஊற்றி ஊற்றிக் கொடுப்பான். அந்தச் சின்ன டார்ச் நான் வாங்கியது. ஆனால் பன்னிரண்டு வருடமாக அவன் சட்டைப்பையில்தான் கிடக்கிறது.

டிரெய்லர் விளக்கில் பத்துத் தகராறு வந்தால் எட்டு எர்த் தகராறு. விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும்; அந்த வழிதான் எர்த். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, வெள்ளை வயரின் வளையத்தை வைத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு, நட்டை ஸ்பானரால் இறுக்கி, மேலே கிரீஸ் அப்ப வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. "சுரண்டு, இறுக்கு, அப்பு" என்று செபோ இதைப் பாட்டாகவே பாடுவான்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் பட்டறைக்கு வந்தவன் உட்காராமல் நின்றான்.

"டாக்டர் கூப்பிட்டாருடா செலே. புதுப் படகு, நூத்திப் பதினஞ்சு குதிரை எஞ்சின். அவரும் அவர் மச்சினனும்தான் இருக்காங்களாம், ஒரு ஆள் குறையுதாம்."

"அதுக்கு?"

"நான் இன்னும் சரின்னு சொல்லலை." என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான். "எங்கிட்ட எதுக்குடா கேக்கற? உன்னை நான் என்ன கயித்துலயா கட்டி வச்சிருக்கேன்? போயேன், யாரு தடுத்தா?"

டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி வறுத்த மீனை நான் தட்டில் கிளறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து என் மனைவி எர்மா சிரித்தாள். "யோவ், உனக்குச் சக்களத்தி வந்துட்டாய்யா. அதுவும் பல்லு புடுங்குற சக்களத்தி!"

"வாயை மூடு. அவன் யார்கூடப் போனா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லைன்னா மீனை ஏன் குத்திக் கொல்ற? அது ஏற்கெனவே செத்துப்போச்சு."

அந்த மாதம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் என் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தார்கள். ரொட்டிக் கடையில் சீபா வாங்கிக்கொண்டு, படகுத்துறையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டு. டாக்டர் ஏதோ சொல்ல, செபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எனக்குத் தெரியும், ரொசாரியோ நகரத்திலிருந்து வந்த அந்த ஆளுக்கு ஒரு ஜோக்கும் சொல்ல வராது. என் ஜோக்குக்கு இவன் எப்போதாவது இப்படிச் சிரித்திருக்கிறானா? இந்தக் கணக்கைப் படுக்கையில் கிடந்து பார்த்தவன் நான்.

போட்டிக்கு முந்தின நாள் அந்தி நேரத்தில் எங்கள் ஊரில் படகு ஊர்வலம் நடக்கும். எல்லாப் படகுகளும் டிரெய்லரில் ஏறி, வண்டிகளால் இழுக்கப்பட்டு, விளக்கு மின்ன மின்னத் தெருத்தெருவாக வரும். படகில் நின்றபடி ஆட்கள் மிட்டாய் வீசுவார்கள். கடைசியில் செங்குத்தான சரிவில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். சரிவின் அடியில்தான் ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் காலையிலேயே ஒவ்வொரு டிரெய்லரையும் நான் பார்த்து, என் கையால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அது இல்லாமல் எவனும் வரிசையில் நிற்க முடியாது.

உர்கியோலாவும் வந்தார். வெள்ளைப் பிக்கப், அதன் பின்னால் நீலப் படகு. செபோ படகுக்குள் நின்று துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். என் படகை ஒரு நாள் துடைத்ததில்லை.

"இடது பக்கம் சிக்னல் மங்கலா எரியுது, மாஸ்டர்," என்றார் டாக்டர். "சீக்கிரம் பாத்துடுங்க. மத்தது எல்லாம் பக்கா."

அடியில் படுத்துப் பார்த்தேன். எவனோ பெயின்ட்டுக்கு மேலேயே எர்த்தைப் போட்டிருந்தான். சுரண்ட வேண்டும், அவ்வளவுதான். டார்ச் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேலே செபோ, "டாக்டர், நாளைக்கு நாமதான் ஜெயிக்கறோம்! இப்படி ஒரு படகுல நான் ஏறினதே இல்லை" என்றான்.

நாமதான்.

நான் சுரண்டவில்லை. கிரீஸ் எடுக்கவில்லை. ஸ்பிரிங் வாஷரை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நட்டை விரலாலேயே இரண்டு சுற்று சுற்றி விட்டேன். நாலு குலுக்கலில் கழன்றுவிடும்; ஊர் முன்னால் டாக்டரின் படகு பொட்டென்று இருட்டாகும்; வரிசையை விட்டு வெளியே போ என்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

எழுந்து வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் மாட்டப்படாமல் டிரெய்லர்மேல் சுருட்டிக் கிடந்தன. வேறு எவனாவதாக இருந்தால் செவிட்டில் அறையாத குறையாகத் திட்டி, குறுக்கே மாட்ட வைத்திருப்பேன். அதோடு, பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டைமேல் டிரெய்லரின் கிண்ணம் சரியாகக் கவிழ்ந்திருக்கிறதா என்று இரண்டு கையாலும் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். எந்த வண்டியானாலும் இதைச் செய்யாமல் விட்டதில்லை. அன்றைக்குச் செய்யவில்லை. விளக்கைத்தானே கேட்டார், பக்கா என்று அவரேதானே சொன்னார் என்று ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அந்தியில் ஊர்வலம் கிளம்பியது. நான் நடைபாதையில் டாக்டரின் டிரெய்லருக்கு இணையாக நடந்தேன், வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி. ஒரு தெரு போயிற்று. விளக்கு எரிந்தது. இரண்டு தெரு. ஜம்மென்று எரிந்தது. மேலே செபோ நின்றுகொண்டு மிட்டாயை அள்ளி வீசினான். என்னைப் பார்த்ததும் ஒரு மிட்டாயை என் தலையிலேயே குறி வைத்து அடித்து, பழையபடி சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது தெருவில் குனிந்து பார்த்தேன். நட்டு எப்போதோ விழுந்துவிட்டது. வெள்ளை வயர் சட்டத்தைத் தொடாமல் அந்தரத்தில் ஆடுகிறது. ஆனாலும் விளக்கு எரிகிறது! எப்படி? அடச்சே, உருண்டை! கிண்ணமும் உருண்டையும் இரும்பு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் கரண்ட் அந்த வழியாகத் திரும்பிப் போகிறது. கெடுக்கப் போனாலும் அந்த ஆளுக்கு அதிர்ஷ்டம் பார் என்று பல்லைக் கடித்தேன்.

தேவாலயத்தைத் தாண்டி, சரிவுக்கு முப்பது அடி முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. டாக்டர் அதை மெதுவாக ஏற்றி இறக்கினார். டிரெய்லர் ஒரு குதி குதித்தது. விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தது.

"ஆஹா!" என்று என் வாய் சொன்னது. யாரோ சிரித்தார்கள், எவனோ விசில் அடித்தான். நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. வயர் மூன்றாவது தெருவிலேயே கழன்றுகிடந்ததுதானே? உருண்டை வழியாகத்தானே எரிந்தது? இப்போது அணைந்தது என்றால் கிண்ணம் உருண்டையைத் தொடவில்லை. கிண்ணம் கழன்று, பிளாஸ்டிக் பம்பர்மேல் தொத்திக்கொண்டிருக்கிறது. சங்கிலி இல்லை. முன்னால் சரிவு. மேலே செபோ.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிக்கப்புக்கு முன்னால் போய் இரண்டு கையாலும் பானெட்டை அடித்தேன். "நிறுத்து! நிறுத்துய்யா! செபோ, உக்காருடா, கீழே உக்காரு!"

டாக்டர் மிரண்டு போய் பிரேக்கை மிதித்தார். பின்னால் மடேரென்று ஒரு சத்தம். டிரெய்லர் வந்து பிக்கப்பின் முதுகில் முட்டி, மூக்குக் குப்புறத் தரையில் விழுந்தது. வண்டியின் முன்சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. சக்கரத்துக்கு அடியில் நாலு பேர் செங்கல்லைத் திணித்தார்கள். செபோ மிட்டாய்ப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தான். நான் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிண்ணத்தை அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்: உருண்டை ஒரு அளவு சின்னது. டாக்டரின் பழைய சின்ன டிரெய்லருக்குப் போட்டதாம், மாற்றவே இல்லையாம். உட்கார்ந்த மாதிரி தெரியும், குலுக்கினால் எழும்பிவிடும். காலையில் இரண்டு கையால் ஆட்டிப் பார்த்திருந்தால் அப்போதே கையோடு வந்திருக்கும்.

ஆனால் ஊர் என்ன பேசியது தெரியுமா? "விளக்கு அணைஞ்சதைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டான்யா! இவன்தான் எலக்ட்ரீஷியன்!" என்று முதுகில் தட்டினார்கள். எர்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "மாஸ்டர், நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்! நாளைக்கு என் மச்சினன் கரையில நிக்கட்டும். நீங்க வாங்க எங்க படகுல. நீங்க, நான், செபோ. மறுக்கக் கூடாது."

ஒரு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது என்ன? செபோவின் பக்கத்தில் ஒரு இடம். அது தட்டில் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கும் முன் டிரெய்லருக்கு அடியிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது.

செபோ படுத்திருந்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெள்ளை வயரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வளையத்தைத் திருப்பினான். சட்டத்தை விரலால் தடவினான். சுரண்டாத பெயின்ட் வழுவழுவென்று இருந்திருக்கும். விரலை மூக்கிடம் கொண்டுபோய் முகர்ந்தான். கிரீஸ் வாடை இல்லை.

"என்ன ஆச்சு செபோ, வயர் அறுந்துடுச்சா?" என்று டாக்டர் குனிந்தார்.

"ஆமா டாக்டர். குலுக்கல்ல புடுங்கிக்கிச்சு," என்றான் செபோ, கணீரென்று, எல்லோர் காதிலும் விழும்படி.

வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட்டம் டிரெய்லரைத் தூக்கப் போய்விட்டது. என் காதுக்கு மட்டும் பேசினான்.

"பன்னண்டு வருஷமா நீ எர்த் போடறதைப் பாத்தவன் நான். உன் எர்த்தைக் கழட்டணும்னா சுத்தியல் வேணும்டா."

"செபோ..."

"அன்னைக்குப் பட்டறையில எதுக்கு நின்னேன்னு நினைச்சே? போகாதடான்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு நின்னேன். சொல்லியிருந்தா நான் எதுக்குடா போறேன்?"

வெட்கத்தை விட்டேன். ஒரு மாதம் தாமதமாக, "போகாதடா" என்றேன்.

அவன் டார்ச்சை அணைத்தான், சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்தான், என் கையை இழுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தா, உன் டார்ச்," என்று சொல்லிவிட்டு எழுந்து டாக்டரோடு டிரெய்லரைத் தூக்கப் போனான்.