மாடியோடு சேர்த்து விற்ற சண்டை

1924ஆம் ஆண்டு பினாங்கு ஆச்சீன் தெருவில் பாக்கியசாமி வாங்கிய மாடியில், செத்துப்போன இரண்டு பேருடைய சண்டை குடியிருந்தது. பழைய வீடென்றால் கரையான் இருக்கும், ஒழுக்கு இருக்கும். இதில் அவற்றோடு சண்டையும் இருந்தது, அவ்வளவுதான். ஒரு மிளகு வியாபாரி கட்டிய பெரிய வீடு அது. அவர் கண்மூடியதும் மூத்த மகன் கமாலுதீனும் இளையவர் சீனி முகம்மதுவும், பாலிக் பூலாவ் டுரியான் பழத்தோட்டத்துக் கிணறு யாருக்கு என்று மாடிக்கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பிறகு கூடத்தின் குறுக்கே பலகைத் தட்டி அடித்துக்கொண்டு, ஆயுள் முழுக்க அதன் இரண்டு பக்கமிருந்தும் போட்டார்கள். இருவரும் மௌத்தான பிறகும் அந்திக் கருக்கலில் அது தானாகத் தொடங்கியது. கூடத்தில் எந்த இரண்டு பேர் இருந்தாலும் அவர்கள் வாயில் ஏறிக்கொண்டது. கமாலுதீனின் பேரன் பஷீர், மனைவி நூர்ஜானோடு இதை அனுபவித்துப் பார்த்துவிட்டு, வீட்டை இரண்டாக்கிக் கீழ்த்தளத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மாடியை விற்றார். மாடியை மட்டும் தனியாக விற்கச் சட்டத்தில் இடமுண்டா என்று யாரும் கேட்கவில்லை. ‘இருக்கிறபடியே, உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து’ என்று பத்திரத்தில் எழுதச் சொன்னார். அந்த வகையில் பஷீர் நாணயமான மனிதர்.

பாக்கியசாமி ரயில்வே குமாஸ்தா, தண்டவாளமே இல்லாத பினாங்கு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். டிக்கெட் இங்கே, ரயில் கடலுக்கு அக்கரையில் என்று பழகிய ஊருக்கு, சண்டை இங்கே, ஆள் கபர்க்குழியில் என்பது பெரிய விஷயமில்லை. அவருக்கும் மனைவி ரோசலினுக்கும் சண்டை என்பதே கிடையாது. கோயில் பாதிரியார் புதுக் கல்யாண ஜோடிகளுக்கு அவர்களைத்தான் உதாரணம் காட்டுவார். அவர்களுக்குள் பேச்சும் கிடையாது என்பது பாதிரியாருக்குத் தெரியாது. முன்பு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது, மகள் சவுந்தரத்துக்குக் காய்ச்சல் கண்டது. ரோசலின் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினாள். மெயில் ரயிலை அனுப்பிவிட்டுத்தான் பாக்கியசாமி வீட்டுக்கு வந்தார். பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் படகிலேயே குழந்தை போய்விட்டது. ரோசலின் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று முதலில் பயந்தார்; அப்புறம், கேட்கமாட்டாளா என்று ஏங்கினார். மாற்றலாகி வந்ததும் பழுதுபார்க்காத மாடியாகத் தேடி வாங்கியதே, பழுதுபார்க்கிற சாக்கிலாவது இருவரும் எதையாவது பேச வேண்டிவரும் என்றுதான்.

குடிபுகுந்த அன்று விளக்கை ஏற்றிவிட்டு ரோசலின் திரும்பினாள். “கெணறு ஒனக்குன்னு வாப்பா எப்ப சொன்னாரு, நானா?” என்றாள் கணவனைப் பார்த்து. முஸ்லிம் வீடுகளில் அப்பாவை வாப்பா, அண்ணனை நானா என்பார்கள். பாக்கியசாமி பாலிக் பூலாவ் பக்கம் போனதே இல்லை. இருந்தும், காட்டை வெட்டித் தோட்டமாக்கியது யார், நீயா வந்து மண்வெட்டி பிடித்தாய் என்று தட்டி அதிரக் கத்தினார். சோற்று நேரம்வரை நடந்தது. இருவருக்கும் அன்று நல்ல பசி. நம்மைவிட இவர்கள் நன்றாகவே போடுகிறார்கள் என்று கீழே நூர்ஜான் பாராட்டினாள்.

தச்சர் முனுசாமி வந்து ஓடு மாற்றினார், உளுத்த படிகளை மாற்றினார். தட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, சண்டை பலகையில்தான் ஊறிக் கிடக்கிறது, பிரித்துப் போட்டால் போய்விடும் என்று உளியை எடுத்தார். ரோசலின் குறுக்கே வந்து நின்றாள்.

“இது இருக்கட்டும்ணே,” என்றாள்.

பாக்கியசாமிக்கு உயிர் வந்தது. அதற்குப்பின் அவர் ஒருநாளும் வேலை முடிந்து வெளியே சுற்றவில்லை.

ரப்பர் விலை விழுந்து ஊரே வாயடைத்துக் கிடந்த வருடம் அந்த மாடியில் மட்டும்தான் சத்தம் இருந்தது. ஆனால் பாக்கியசாமி சுபாவத்தில் விட்டுக்கொடுப்பவர், பாவம். ஒரு மாலை கமாலுதீனின் குரலிலேயே, கமாலுதீன் உயிரோடிருந்து ஒருநாளும் சொல்லாததைச் சொல்லிவிட்டார்: “சரி, கெணத்த நீயே வச்சிக்க தம்பி.” தட்டி ஒருமுறை முனகி அடங்கியது. கீழே பஷீர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். கூடவே, மாடியை அவசரப்பட்டு விற்றுவிட்டோமே என்றும் வருந்தினார்.

மறுநாள் அந்தி வந்தது, போனது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று பாக்கியசாமி தட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். ரோசலின் சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கமாக அடுப்படிக்குப் போகிறவள், எதிரே உட்கார்ந்தாள்.

“கெணறு போவட்டும் நானா,” என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. “அன்னிக்கி ஆளு அனுப்புனேன்ல. ஏன் வரல?”

“வெறும் காய்ச்சதானேன்னு நெனச்சிட்டேன்.”

அது போதாது என்றாள். போதாது என்று அவருக்கும் தெரியும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஓவென்று அழுதார்; அவளும் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். இது வேறு சண்டையாக இருக்கிறதே என்று நூர்ஜான் படியேறப் போனாள். பஷீர் அவளைத் தடுத்து ஜன்னலைச் சாத்தினார்.

அதன்பிறகு அவர்கள் தினமும், அந்தி என்றில்லாமல் எந்நேரமும், குழம்புக்கு, குடைக்கு, எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள். பாதிரியார் உதாரணம் காட்டுவதை நிறுத்திவிட்டு நேரிலேயே சமாதானம் செய்ய வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, புருஷனை ஏனம்மா நானா என்கிறாய் என்றார்.

“வீட்டோட வந்தது சாமி,” என்றாள் ரோசலின்.