இதைவிட மட்டமான யோசனை

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வடிவமைப்பு அலுவலகத்தின் கூட்ட அறையில், மகா மட்டமான யோசனை என்று ஒருவர் மனதாரச் சொன்னது எதுவோ, அது அறையின் விளக்கு அணைந்த நொடியில் நடந்துவிடும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டயர் கடைக்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், கட்டட உரிமையாளர் அதைச் சொல்லியே ஒருமுறை வாடகையை ஏற்றிப் பார்த்தார். அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது அவர்களுடைய தொழில்முறை. ஒரு பொருளை எப்படி நல்லதாக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். எப்படிக் கெடுக்கலாம் என்று கேட்டால் ஊமைக்கும் வாய் வந்துவிடும். ஆகவே முதலில் கெடுக்கிற வழிகளையெல்லாம் பலகையில் எழுதுவது, அதில் படுமட்டமானதைப் பொறுக்கி எடுப்பது, பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து நல்ல யோசனையாக்குவது. கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்தால் ஒரு வம்பும் இல்லை. கவிழ்ப்பதற்கு முன்னால் விளக்கு அணைந்தால்தான் வினை.

அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஒருமுறை குடைக் கம்பெனிக்காக யோசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், அந்தக் கம்பெனியின் குடைகள் எல்லாம் ஒரு பருவம் முழுக்க உள்பக்கமாக மழை பெய்தன. பூச்செடி விற்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிப்போனார்கள். இன்னொரு முறை, உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாத நாற்காலி. அதை மொத்தமாக வாங்கிய அலுவலகத்தில் யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. ஆளுக்குச் சேதமில்லாததால் முதலாளியும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. நடந்துவிட்டதைப் பிறகு கவிழ்த்துப் பார்த்தும் பயனில்லை, அந்த அறைக்கு நல்லது செய்யத் தெரியாது என்பதை மட்டும் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டங்களை நடத்தியவளுக்கு ஏனக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். பதில் வந்தால் அதற்கும் ஏன் என்பாள். ஐந்தாவது ஏனில் எதிராளி அழுதுவிடுவார் அல்லது உண்மையைச் சொல்லிவிடுவார். அவளுக்குச் சொந்தம் என்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அம்மா அப்பா போனபிறகு இவள்தான் அவளைப் படிக்கவைத்து நர்ஸாக்கினாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பீரோவின் இரண்டு கதவுகளைப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். தங்கச்சிக்கு ராத்திரி டியூட்டி முடிந்து பகலில் தூங்கும் வாரங்களில் அக்காவுக்குத் தண்டனைதான். சத்தம் என்றால் தங்கச்சிக்கு ஆகாது. கதவு கொஞ்சம் ஓசைப்பட்டாலும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவாள்.

"மெதுவா சாத்துக்கா. நீ கதவு சாத்துறியா, வீட்டை இடிக்கிறியா?"

அதே அலுவலகத்தில் கணக்கர் ஒருவர் இருந்தார். அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். யார் எதைச் சொன்னாலும், இதைவிட மட்டமான யோசனையை நான் கேட்டதே இல்லை என்று ஆரம்பிப்பார். யோசிக்கிற அறையில் எதையும் முடியாது என்று சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் அலுவலகம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவரை அந்த அறையிலிருந்து விலக்கிவைத்து, வாசலுக்கு வெளியே மேஜை போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதற்குப் பழிவாங்குவது போல சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை ஒட்டினார்: வெளியே போகிறவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். வருஷக்கணக்காக அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து எல்லோருடைய கைக்கும் அது பழக்கமாகிவிட்டது.

இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்தது. நாலாவது மாடி வார்டின் கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொள்கின்றன, நோயாளிகள் திடுக்கிட்டு எழுகிறார்கள், சத்தமில்லாத கதவு வேண்டும். அது தங்கச்சி வேலை பார்த்த வார்டு. அவள்தான் ஆஸ்பத்திரி அதிகாரியை நச்சரித்து இவர்களிடம் அனுப்பிவைத்தாள். கூட்டம் காலையில் கூடியது. அந்தக் கதவுகளை இன்னும் எப்படிக் கெடுக்கலாம் என்று ஏனக்கா கேட்டாள். கதவில் மணி கட்டலாம் என்றார் முதலாளி. தகரத்தில் செய்யலாம் என்றார் மாதிரிக்காரர், அதாவது புதுப் பொருள்களுக்கு மரத்திலும் அட்டையிலும் முதல் மாதிரி செய்துகாட்டுகிறவர். ஏனக்கா சிரித்துக்கொண்டே, கதவே இல்லாமல் பண்ணிவிடலாம், கதவு, ஜன்னல், ஒரு பொந்துகூட இருக்கக்கூடாது, உள்ளே இருக்கிறவர் உள்ளேயே கிடக்கட்டும் என்றாள். இதைவிட மட்டமாக யாராலும் யோசிக்க முடியாது என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று மற்றவர்கள் எழுந்துபோனார்கள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. தங்கச்சிதான். பேசிக்கொண்டே வெளியே வந்தாள், வரும்போது கை தன்பாட்டில் சுவிட்சைத் தட்டியது.

சாயங்காலம் வரும்போது தையல்கடையில் சட்டையை வாங்கிக்கொண்டு வரச் சொல்லிக்கொண்டிருந்த தங்கச்சி, பாதி வாக்கியத்தில் நின்றாள்.

"அக்கா... இங்க கதவைக் காணோம்."

ஏனக்கா திரும்பி இருட்டான அறையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், படிகளில் விழுந்தடித்து ஓடினாள்.

ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் வார்டு இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் மட்டும் இருந்தது. உள்ளே எட்டு நோயாளிகள், தங்கச்சி ஒருத்தி. சுவரில் இருந்த ஆக்சிஜன் குழாயின் வாயும் ஒரு பொந்துதானே, அதுவும் அடைபட்டுவிட்டது. உள்ளே இருந்த சிலிண்டர்களைப் பங்குபோட வசதியாக எல்லாக் கட்டில்களையும் நடுவில் உருட்டிச் சேர்த்துவிட்டேன் என்றாள் தங்கச்சி போனில். சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும் என்றாள். சொல்லும்போது குரலில் நடுக்கமில்லை. நடுங்கினால் நோயாளிகள் பயப்படுவார்கள் என்பதால் அடக்கிக்கொள்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியாதா? மாதிரிக்காரர் துளைபோடும் கருவியைக் கொண்டுவந்து சுவரில் வைத்தார். துளை விழுந்தது. கருவியை எடுத்ததும், பிசைந்த மாவில் விரல் எடுத்தது போல மூடிக்கொண்டது. சம்மட்டி போட்டார்கள், பெயர்ந்து விழுந்த காரை திரும்பி எழுந்து தன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது தன் துறை இல்லை என்றார். நோயாளிகளின் உறவுக்காரர்கள் சுவரில் நெற்றியை முட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஏனக்கா மறுபடி அலுவலகத்துக்கு ஓடினாள். நடந்தது அங்கேதான், சரியாக வேண்டுமானாலும் அங்கேதான்.

விளக்கைப் போட்டார்கள். முதலாளியும் அவளும் பலகை முன்னால் நின்று, அந்த வார்டுக்குக் கதவு வைப்பது மகா மட்டமான யோசனை என்று உரக்கச் சொன்னார்கள். விளக்கை அணைத்துப் போனில் கேட்டார்கள். ஒன்றுமில்லை. திரும்பவும் போட்டு, இன்னும் கோபமாகச் சொல்லிப் பார்த்தார்கள். முதலாளி மேஜையைக்கூடக் குத்தினார். ஒன்றுமில்லை. அந்த அறையிடம் நடிப்பு செல்லாது. வெயில் ஜன்னலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரியவருக்கு மூச்சு இரைக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். முதலாளிக்குத் தலை சூடாகிவிட்டது. கதவு கிடக்கட்டும், சுவரே இல்லாமல் பண்ணிவிடுவோம், அது நிஜமாகவே மட்டம், நிச்சயம் நடக்கும் என்று கத்திக்கொண்டே சுவிட்சுக்குக் கையை நீட்டினார். ஏனக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அந்த வார்டுக்கு மேலே இன்னும் மூன்று மாடி இருந்தது. சொன்னதைத் திரும்பப் பெறும்வரை அவள் பிடியை விடவில்லை. அவர் மணிக்கட்டில் விரல் தடம் ஒரு வாரம் இருந்தது.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து, தன்னையே கேட்டுக்கொண்டாள். கதவு ஏன் வரவில்லை? மட்டம் என்று நாங்கள் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை? அது எங்களுக்கு வேண்டியிருக்கிறது. ஏன் வேண்டியிருக்கிறது? என் தங்கச்சி உள்ளே இருக்கிறாள். அப்படியானால் கதவு வைப்பதை மட்டம் என்று மனதாரச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். அத்தனை வருஷமாக வெளியே வைத்திருந்த மனிதரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள்.

முட்டுக்கட்டை அழுதுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. தான் ஒட்டிய அட்டையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி எப்படிம்மா இருக்கு?"

"சார், அந்த வார்டுக்கு ஒரு கதவு வைக்கலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"வைங்கம்மா, உடனே வைங்க! இதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஊரே எதிர்பார்க்கும் நேரத்தில் இந்த மனுஷன் ஒப்புக்கொள்கிறாரே! வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யோசனைக்குச் சரி என்கிறாரே! ஆனால் ஏனக்கா அவரை வருஷக்கணக்காகக் கவனித்தவள். கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணு போதாது சார். நாற்பது கதவு."

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"நாற்பதா? ஒரு அறைக்கா?"

"நாலு சுவர்லயும். தரையிலயும் ஒண்ணு. எல்லாம் தேக்கு, பித்தளைப் பிடி."

"வெளிச்சுவர்லயுமா? நாலாவது மாடியில? தொறந்தா ஆகாயத்துலம்மா போய் விழுவாங்க!"

"காத்து வரும்ல சார்."

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீர் எங்கே போனதோ தெரியவில்லை. "புத்தி இருக்கா உங்களுக்கெல்லாம்? ஒரு கதவு போதாதா? தேக்கு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா? இத்தனை வருஷமா வெளிய உக்காந்து உங்க கூத்தையெல்லாம் கேட்டிருக்கேன், இதைவிட மட்டமான யோசனையை என் ஆயுசுல கேட்டதில்ல!"

ஏனக்கா விளக்கை அணைத்தாள்.

போனில் தங்கச்சி, "அக்கா, எங்க பாத்தாலும் கதவு" என்றாள். எதையும் தொடாதே என்று அக்கா அலறினாள். ஏன் என்று கேட்டாள் தங்கச்சி. பாதிக் கதவுக்குப் பின்னால் ஆகாயம்டி என்றாள் அக்கா. கட்டில்களை நடுவில் சேர்த்ததில் தங்கச்சிக்குத் திசை போயிருந்தது. நாலு பக்கமும் ஒரே மாதிரி தேக்குக் கதவுகள், ஒரே மாதிரி பித்தளைப் பிடிகள், எது தாழ்வாரத்துப் பக்கம் என்று தெரியவில்லை. பிடிகள் உள்பக்கம் மட்டுமே இருந்ததால் தாழ்வாரத்தில் நின்றவர்களாலும் திறக்க முடியவில்லை. பெரியவரின் உதடு நீலம்பாரித்துக்கொண்டிருந்தது. ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தாள்; காலடியில் தெருவும் தெருவில் போகிற வண்டிகளும் தெரிந்தன. யாரோ விட்டுவைத்திருந்த கைத்தடி உருண்டுபோய் அப்படியே கீழே விழுந்தது. அவள் பிடியைப் பிடித்துத் தொங்கி, திரும்பி உள்ளே வந்து சேர்ந்தாள்.

அப்போதுதான் ஏனக்காவுக்கு அது தோன்றியது. எப்படித் தோன்றியது என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் இருந்த மாதிரிக்காரருக்குப் போன் போட்டு, அங்கே இருக்கிற எல்லோரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்து அடியுங்கள் என்றாள். மெதுவாக அல்ல, ஆஸ்பத்திரி அதிரும்படி. உறவுக்காரர்கள், வார்டு பையன்கள், இது தன் துறை இல்லை என்ற பெரிய டாக்டர், எல்லோரும் அந்த மாடியில் இருந்த அத்தனை அறைக் கதவுகளையும் படார் படார் என்று அடித்தார்கள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாழ்நாளெல்லாம் வெறுத்த சத்தம், இடதுபக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கம் போய், சத்தம் பலமாகக் கேட்ட கதவைத் திறந்தாள். எதிரே மனித முகங்கள் இருந்தன. முதலில் பெரியவரின் கட்டிலைத் தள்ளினாள், பிறகு மற்ற ஏழு பேரை, கடைசியாகத் தானும் வெளியே வந்து, அக்கா வந்து சேரும்வரை அந்தக் கதவின் பிடியை விடவே இல்லை.

"உன் வாய்க்குப் பூட்டுப் போடணும்க்கா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். அக்காவும் சேர்ந்து அழுதாள்.

எட்டுப் பேரும் பிழைத்தார்கள். கைத்தடிக்கு அலுவலகம் நஷ்டஈடு கொடுத்தது. வார்டில் இன்றைக்கும் நாற்பது கதவுகள் இருக்கின்றன. ஆகாயத்துப் பக்கக் கதவுகளுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள், சாயங்காலத்தில் நர்ஸுகள் அவற்றைத் திறந்துவைக்கிறார்கள், நல்ல காற்று வருகிறது. தரைக் கதவு வழியாகக் கீழ்மாடிக்குத் துணி மூட்டையை இறக்குகிறார்கள். முட்டுக்கட்டைக்குக் கூட்ட அறையில் நிரந்தரமாக ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். நல்ல யோசனை ஏதாவது உடனே நடக்கவேண்டுமென்றால், அதில் கொஞ்சம் தேக்கும் பித்தளையும் சேர்த்து அவர் காதில் போடுகிறார்கள். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் கோபம் வராமல் இருக்க அவரால் முடியவில்லை.

சத்தமில்லாத கதவு வேண்டும் என்ற மனுவை ஆஸ்பத்திரி திரும்பப் பெற்றுக்கொண்டது. தங்கச்சிக்கு இப்போதும் ராத்திரி டியூட்டி வருகிறது, பகலில்தான் தூங்குகிறாள். வீடு அமைதியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. எழுந்து சுவர்களைத் தடவிப் பார்க்கிறாள். அதனால் ஏனக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாசல் கதவைப் படாரென்று அடித்துச் சாத்துகிறாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறாள். உள்ளே தங்கச்சி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போயிருக்கிறாள்.