ஒன்பது மொழியில் வலிக்காது

ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள். சன்னலோர நாற்காலி ஒத்தைக்குத்துடையது. பதினாறு வருடமாக ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள் என்பதால் ஆஸ்பத்திரியே வைத்த பெயர் அது. அடுத்த நாற்காலிக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளை ஒத்தைக்குத்து இன்னும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டாள்.

புதுசுக்குக் கைப்பழக்கம் போதாது. இரண்டு தடவை, சமயத்தில் மூன்று தடவைகூடக் குத்துவாள். ஆனால் 'வலிக்காது' என்பதை ஒன்பது மொழிகளில் சொல்வாள். பல தேசத்து ஆட்கள் பிழைக்க வந்த ஊர் அது. தங்கள் பேச்சு காதில் விழுந்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். கை கன்றிப் போனாலும் சிரித்துக்கொண்டே போனார்கள். "நான் அந்தம்மாகிட்டயே எடுத்துக்கறேன்" என்று, காலியாக இருந்த சன்னலோர நாற்காலியைத் தாண்டிப் போய் நின்றார்கள். ஒத்தைக்குத்துக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு அவ மேல பொறாமை" என்றார் கணவர்.

"நரம்பு எங்க இருக்குன்னே தெரியாதவ மேல எனக்கென்ன பொறாமை?" என்று தண்ணீர்ச் சொம்பை ணங்கென்று வைத்தாள்.

புதுசின் ஊசித் தட்டுக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. ஒன்பது சொற்களும் தமிழ் எழுத்தில். ஒருநாள் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒத்தைக்குத்து அதிலிருந்து ஒரு சொல்லை மனதில் வாங்கிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் பாத்திரம் கழுவியபடி அதையே சொல்லிப் பார்த்தபோது, தன்னைத்தான் திட்டுகிறாள் என்று கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்த மொழிக்காரர் ஒருவர் வந்தார். கட்டட வேலை செய்பவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஊசியைக் கண்டதும் வியர்த்துக் கொட்டியது. துணைக்கு அவருடைய மேஸ்திரி வந்திருந்தார். ஒத்தைக்குத்து ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னாள்.

மனிதர் நிமிர்ந்தார். மடை திறந்தாற்போல் பேசினார். கடைசியில் ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் புதுசு பார்த்துக்கொண்டிருந்தாளே, இவள் தலையாட்டிவிட்டாள்.

உடனே அவர் பாட ஆரம்பித்தார். ஓர் அடி பாடி நிறுத்தி இவள் முகத்தையே பார்த்தார். மறுபடி பாடினார், மறுபடி நிறுத்தினார்.

"இவர் என்ன கேக்கறாரு?" என்று புதுசிடமே வாய்விட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

"எனக்கெப்படித் தெரியும்க்கா? அந்த ஒரு வார்த்தைதான் எனக்கும் தெரியும். மத்ததுக்கெல்லாம் தலையாட்டிச் சமாளிப்பேன்."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "அவங்க ஊர்ல பாரம் தூக்கறப்போ ரெண்டு பேரா பாடுவாங்கம்மா. ஒருத்தர் பாடினா எதிர்ல இருக்கறவர் பதில் பாடணும். அப்பதான் தூக்குவாங்க. நீங்க பாடுவீங்களான்னு கேட்டாரு. சரின்னுட்டீங்களே."

ஒத்தைக்குத்துக்குக் காது சிவந்தது. கேட்ட அடியின் வாலை மட்டும் முணுமுணுத்தாள். அவர் சிரித்துவிட்டு, பதில் அடியைத் தானே பாடிக் காட்டினார். அவள் பாடினாள். திருத்தினார். மறுபடி பாடினாள். ஒரு வழியாக அது சரியாக வந்தபோது குழாயில் ரத்தம் நிறைந்திருந்தது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவருடைய கூட்டாளிகள் யார் வந்தாலும் நேரே சன்னலோரம்தான். உட்கார்ந்ததும் பாடினார்கள், இவள் பதில் பாடினாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தப் பாட்டை எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்றாள் புதுசு. உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்தப் பார்வை ஒத்தைக்குத்துக்கு நன்றாகவே தெரியும். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான். பாவமாக இருந்தது, கூடவே உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது.

டீ நேரத்தில் முதல் அடியைச் சொல்லிக்கொடுத்தாள். புதுசு இரண்டு தடவை பாடிப் பார்த்துவிட்டு, "பதில்?" என்றாள்.

"அது எனக்கே இன்னும் சரியா வரல" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவ எழுந்து போனாள் ஒத்தைக்குத்து.